தன் தப்பை யாருக்கும் தராதவர்

கரையில் முப்பது பேர் நிற்கும்போது ஒரு மெக்கானிக் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டென்றால், அதை அந்த அம்மா எங்கள் குப்பத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே செய்தார். காலை ஏழு மணி இருக்கும். படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. ஏலம் எடுக்க வந்த பெண்கள், ஐஸ் பெட்டி வண்டிக்காரர்கள், நாஸ்தா விற்கிறவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மணலில் வேகமாக நடந்து வந்தவர், என் பெரியப்பா மகனின் படகைப் பார்த்துக் கையை உயர்த்திக் கத்தினார்.

"அண்ணாத்த, உன் மோட்டார கழட்டிக் கொண்டா! கியர் பெட்டி திருகுல வாஷர் போட மறந்துட்டேன். காலைல கடைய தெறந்தா அது மேச மேல கெடக்குது. என் தப்பு!"

"நல்லாத்தானம்மா ஓடுச்சி?" என்றான் அவன்.

"இன்னிக்கி ஓடும். தண்ணி உள்ள போயி பத்து நாள்ல கியர் ஆயிலு மோர் மாதிரி ஆயிடும். அப்பால என்கிட்டதான் வருவ. இப்பவே குடு."

கரையே சிரித்தது. "அவளே சொல்றா பாரு. இவகிட்ட எவன்டா மோட்டார் குடுப்பான்?" என்று யாரோ கேட்டார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான் கேட்டேன்.

எங்கள் குப்பம் கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே தப்பு என்பது எப்போதும் அடுத்த வீட்டில்தான் இருக்கும். வலை கிழிந்தால் காற்றின் தப்பு. மோட்டார் நின்றால் பெட்ரோல் பங்க்காரன் தப்பு. பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டால் வாத்தியார் தப்பு. இப்படி ஊரே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடத்தில், வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்து, கேட்காமலே தன் தப்பைக் கூவிக்கொண்டு நடந்தால் எப்படி இருக்கும்? எங்களுக்கு அது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

அவர் கடற்கரைக்காரரே இல்லை. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல் விளையும் ஊர். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. படித்து, பைக் கடையில் வேலை பார்த்து, பிறகு ஒரு ரிசார்ட்டில் சுற்றுலாப் படகு மோட்டார்களைக் கவனிக்கும் வேலைக்கு வந்தவர். அவர்கள் படகு விடுவதை நிறுத்தியதும் எங்கள் ஊர்ப் பொது இடத்தில், தலைவரிடம் கேட்டு, நாலு தகரத்தை நிறுத்திக் கடை போட்டார். நீந்தத் தெரியாது. படகில் ஏறினால் கால் மணி நேரத்தில் வாந்தி. மோட்டாரைப் பழுது பார்த்துவிட்டுத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாயில் இறக்கி ஓட்டிப் பார்ப்பார். பீப்பாய்க்குள் நாற்பது நிமிஷம் ஓடவிட்டு, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. தலைவரே பேசினாலும் "உஷ்" என்பார்.

கடையின் தகரக் கதவில் சாக்பீஸால் எழுதும் வழக்கம் ஒன்று வைத்திருந்தார். விலைப்பட்டியல் என்று நினைத்துத்தான் முதலில் போய்ப் பார்த்தோம். 'திங்கள். பிளக் ஒயரை மாற்றிச் சொருகிவிட்டேன். அரை மணி வீண்.' 'புதன். பெரிய ஸ்பானரைச் சின்ன நட்டுக்குப் போட்டு முனையை மழுக்கினேன்.' அவ்வளவுதான். அன்றன்று தான் செய்த தப்பு. மழை பெய்தால் அழியும், மறுநாள் வேறு எழுதுவார். டீ குடிக்கப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. தப்பு ஒன்றும் எழுதாத நாளில் "இன்னாம்மா, இன்னிக்கி கடை லீவா?" என்று கிண்டல் செய்வோம்.

அவர் வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுகிறவர், தங்கமான மனிதர். "இவ வாய மூடிக்கினு இருந்தா இந்நேரம் மாடி வூடு கட்டியிருப்போம் நைனா" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருக்காது. பெண்டாட்டியைப் பற்றிப் பெருமை பேச அவருக்குத் தெரிந்த வழி அது.

வேலையில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். எங்கள் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று கருவாட்டுக் குழம்புக்கு உப்பு போடும் பொறுப்பை யாரோ அவரிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு தடவை போட்டுவிட்டார். ஊரே முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறது. பெண்கள் கூடி, கருவாட்டிலேயே உப்பு அதிகம் என்று கதை கட்டி அவரைக் காப்பாற்றப் பார்த்தார்கள். இவர் கரண்டியோடு எழுந்து நின்று, "கருவாட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. ரெண்டு வாட்டி போட்டது நானு. மோர் கொண்டாரேன், குந்துங்க" என்றார். காப்பாற்ற வந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் அன்றைக்கு அவரைப் பிடிக்கவில்லை. நம்மையெல்லாம் பொய்க்காரர்களாக நிற்க வைக்கிறாளே என்று இருந்தது.

இப்போது என் நாற்பது குதிரைச் சக்தி மோட்டாரின் கதைக்கு வருகிறேன். என் கதை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம்தான். ஆனால் அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

எங்கள் குப்பத்தில் எல்லோரிடமும் இருப்பது ஒன்பது பத்து குதிரை மோட்டார். எஞ்சினுக்கு வேண்டிய எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துதான் ஊற்றுவார்கள். காலையில் கேனைக் குலுக்குவது பல் தேய்ப்பது மாதிரி. நானும் இருபது வருஷம் அப்படிக் கலந்தவன்தான். ஒரு வருஷம் சுற்றுலாப் படகு ஒன்றிலிருந்து பெரிய மோட்டார் ஒன்றைப் பழசாக வாங்கினேன். அதில் எண்ணெய்க்கு என்று தனி டாங்க்கு. உள்ளே ஒரு சின்ன பம்ப் இருந்து, வேகத்துக்குத் தகுந்த மாதிரி எண்ணெயைத் தானாக அனுப்பும். நாம் வெறும் பெட்ரோலை ஊற்றினால் போதும். மோட்டாரின் மேல்மூடியில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

எட்டு மாதம் நான் கேன் குலுக்கவில்லை. மற்றவர்கள் குலுக்கும்போது பக்கத்தில் நின்று, "என் மோட்டாரு தானா குடிச்சிக்கும் மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் சொன்னேன். கேட்டவர்களுக்கு வாந்தி வந்திருக்கும்.

ஒரு நாள் கடலில் மோட்டாரின் எச்சரிக்கை மணி பீப்பீ என்று அலறியது. வேகத்தைக் குறைத்து மெல்லக் கரைக்கு வந்து, மூன்று பேர் தூக்கி அந்த அம்மாவின் கடையில் வைத்தோம். அவர் பம்ப்பைத் திறந்து, விரல் நுனியில் ஒரு பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். பல் பாதி தேய்ந்திருந்தது.

"இது சுத்தினாத்தான் எண்ணெய் போவும். இன்னும் நாலு நாள் ஆயிருந்தா எஞ்சினு காலி. புது பம்ப்பு இங்க கெடைக்காது. கெடைச்சாலும் இதே பிளாஸ்டிக்குதான். கழட்டி எறிஞ்சிட்டு மத்தவங்க மாதிரி கலந்து ஊத்துண்ணா."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. வேறு வழியில்லை, சரி என்றேன். அவர் வேலை செய்வதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பம்ப்பை எடுத்தார். உடைந்த சக்கரத்தின் தூள் உள்ளே சுற்றக் கூடாது என்று கம்பியில் துணி சுற்றித் துடைத்தார். பம்ப் இருந்த ஓட்டைக்கு அலுமினியத் தகடு வெட்டி, கேஸ்கெட் வைத்து மூடினார். எண்ணெய்க் குழாய்கள் வந்து சேரும் சின்னச் சின்ன மூக்குகளை ஒவ்வொன்றாக அடைத்தார். அலறுகிற ஒயரைப் பிரித்துக் கட்டினார். இருபது லிட்டர் கேனுக்கு நானூறு மில்லி எண்ணெய். அளக்க ஒரு குழந்தைப் பால் பாட்டிலைக் கொடுத்தார், இருநூறு கோடு வரைக்கும் ரெண்டு தடவை.

கடைசியாக எண்ணெய் டாங்க்கைக் கழற்றப் போனார். நான் தடுத்தேன்.

"அத வுட்டுடும்மா. நாளைக்கி மோட்டார விக்கணும்னா அது இருந்தாத்தான் மதிப்பு."

"வேணாம்ணா. வேல செய்யாத டாங்க்கு எதுக்கு?"

"கெடக்கட்டும்மா, அது பாட்டுக்கு."

ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு விட்டுவிட்டார். விற்பதற்காக என்று நான் சொன்னது பொய். அந்தக் கண்ணாடி ஜன்னல் வெளியே தெரிய வேண்டும், ஊர் பார்க்க வேண்டும். அதற்காக அந்த டாங்க்கு நிறைய நல்ல எண்ணெயை ஊற்றி வேறு வைத்தேன். இப்படி ஒரு அற்பன் நான்.

மூன்று வாரம் ஒழுங்காகக் கலந்தேன். பிறகு ஒரு விடியற்காலை, வஞ்சிர மீன் நிறையச் சிக்குகிறது, நல்ல பாடு என்று எல்லோரும் அவசர அவசரமாகக் கிளம்பினார்கள். கலந்து வைத்த கேன் காலி. முதல் நாள் பங்க்கிலிருந்து வாங்கி வந்த பெட்ரோல் கேன் பக்கத்தில் இருந்தது. கண் ஜன்னலைப் பார்த்தது. எண்ணெய் முட்ட முட்ட இருக்கிறது. கை கேனைத் தூக்கிப் படகில் வைத்துக் குழாயை மாட்டிவிட்டது. எங்கள் குப்பத்தில் இந்தத் தப்பைச் செய்யக்கூடியவன் ஒரே ஒருவன்தான். மற்றவர்கள் தூக்கத்திலும் கலந்துதான் ஊற்றுவார்கள்.

போனது நானும் மச்சானும் இன்னொருவனும். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கரை ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில் மோட்டாரின் சத்தம் மெலிந்தது. அப்புறம் 'கிறீச்' என்று ஒரு இழுப்பு. நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை.

"இன்னா மச்சான் ஆச்சி?"

கேன் மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். கலந்த பெட்ரோலில் லேசாக நீலம் தெரியும். இது வெறும் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. "தெரியலடா" என்றேன்.

நாலு மணி நேரம் வெயிலில் கடல் இழுத்த இழுப்புக்குப் போனோம். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்தது. விட்டிருந்த வலை நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு போய் அடியில் எதிலோ சிக்கியதில் பாதியை அறுத்துவிட்டோம். அறுக்கும்போது கயிறு உருவி மச்சானின் உள்ளங்கைத் தோல் கிழிந்தது. வேறு ஒரு படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. கரையில் என் மனைவி ஒரு பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டும் மறுபக்கம் தம்பியைப் பிடித்துக்கொண்டும் அழுதாள். அப்போது யாரோ சொன்னார்கள், "அந்த மெக்கானிக்கு பம்ப்ப கழட்டினா இல்ல, அதான்." நாலு பேர் ஆமாம் என்றார்கள். நான் ஆமாம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

மோட்டார் மறுபடியும் அந்த அம்மாவிடமே போனது. மேல் சிலிண்டரைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தார். வறண்டு, நகத்தால் கீறின மாதிரி கோடு கோடாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். அவருக்கு அது போதும், எழுதி ஒட்டின மாதிரி. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணா, டாங்க்குல எண்ணெய் எவ்ளோ கீது?"

"ஃபுல்லா கீதும்மா."

"உம்" என்று தலையை ஆட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் அம்மன் கோயில் கொட்டகையில் ஊர்க் கூட்டம். கூட்டம் கூட்டியது மச்சான். கையில் கட்டு. அவன் கேட்டது இரண்டு. குப்பத்தில் ஒருத்தரும் அந்தப் பெண்ணிடம் மோட்டார் கொடுக்கக் கூடாது. கடை ஊர் இடத்தில் இருக்கிறது, காலி செய்ய வேண்டும். எங்கள் பக்கம் ஊர்க் கூட்டம் அப்படிச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். ஒரு குப்பத்தில் வேண்டாம் என்று தள்ளிய மெக்கானிக்கை அடுத்த குப்பமும் சேர்க்காது. பிறகு அவர் பைக் கடையில் பஞ்சர் ஒட்டப் போக வேண்டியதுதான்.

எங்கள் கூட்டத்தில் பெண்கள் பேசி நான் பார்த்ததில்லை. ஓரமாக நின்று கேட்பார்கள். அவரைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்தார்கள். வீட்டுக்காரர் கூட வந்திருந்தார். 

தலைவர் கேட்டார். "ஏம்மா, மூணு உசுரு. நீ பம்ப்ப கழட்டினதாலதான் எஞ்சின் புடிச்சிக்கினு நின்னுதுன்னு சொல்றாங்க. நீ இன்னா சொல்ற?"

"பம்ப்ப கழட்டினது சரிதாங்க. அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா எண்ணெ டாங்க்க கழட்டாம வுட்டுட்டேன். வெளிய பாத்தா எண்ணெ கீது, உள்ள ஒரு சொட்டு போவாது. அப்படி ஒரு மோட்டார நான் கடைய வுட்டே அனுப்பியிருக்கக் கூடாது. அது என் தப்பு."

"அவ்ளோதானா?"

"என்னுது அவ்ளோதாங்க."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கினா!" என்று மச்சான் எழுந்தான். கொட்டகை முழுக்க ஒரே பேச்சு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தகரத்தைப் பிரிக்கச் சொல்லலாம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் திங்கள் என்றார். நாள் குறிக்கும் இடத்துக்கே வந்துவிட்டார்கள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தாலும் எனக்குக் கோபமாவது வந்திருக்கும், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேனில் மிச்சம் இருந்த பெட்ரோல் என் வீட்டில்தான் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். பிஸ்டனைக் காட்டி விளக்க இரண்டு வார்த்தை போதும். தன் பிழைப்பு போகிற நேரத்தில்கூட, தன் பங்கு எதுவோ அதை மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். காக்கிச் சட்டையின் பையில் ஸ்பானர் துருத்திக்கொண்டிருந்தது. அப்படி ஒருத்தர் எங்கள் ஊரில் அதுவரை நின்றதில்லை.  இப்படிப்பட்ட ஒருத்தர் கையால் என் மோட்டார் ஓடியதே என்று பெருமையாக இருந்தது, என் மேல் எனக்கு அருவருப்பாகவும் இருந்தது.

எழுந்தேன். "தலைவரே, வெறும் பெட்ரோல ஊத்தினது நானு. கலக்காம ஊத்திட்டேன். நடுக்கடல்லயே எனக்குத் தெரியும். மூணு நாளா வாய மூடிக்கினு கீறேன்."

 மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து என் மனைவி, "அடப்பாவி மனுசா!" என்று கத்தினாள்.

பேச ஆரம்பித்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. உண்மை சொல்கிற சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. "டாங்க்க கழட்ட வேணாம்னு சொன்னதும் நானு. ஊருக்குப் பந்தா காட்டத்தான் வெச்சிக்கினேன். மொத்தமும் என் தப்பு. இந்த அம்மா மேல ஒண்ணுமே இல்ல."

அதுவரை சும்மா நின்ற அவர் சடக்கென்று என் பக்கம் திரும்பினார். கண்ணில் அப்படி ஒரு கோபம்.

"இன்னாண்ணா பேசற? நீ ஆயிரம் சொல்லுவ. டாங்க்கு இருக்கணுமா வேணாமான்னு முடிவு பண்றது மெக்கானிக்கு. நீயா மெக்கானிக்கு? பெட்ரோல் உன்னுது, டாங்க்கு என்னுது. உன் தப்ப நீ சொன்ன, நல்லது. என் தப்ப நீ எடுத்துக்காத."

"இல்லம்மா, நான் சொல்லலன்னா நீ கழட்டியிருப்ப..."

"நீ சொன்னியேன்னு நான் வுட்டேன் பாரு, அதாண்ணா தப்பு. அது எனக்கு வேணும். வுடு."

தலைவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்:

"நான் தலைவரா குந்தின நாள்லருந்து, இவன் மேல அவன் அவன் மேல இவன்னு தள்ளி வுடறதத்தான் தீத்து வெச்சிக்கினு கீறேன். எனக்கு எனக்குன்னு ரெண்டு பேரு இழுத்தா நான் இன்னா தீர்ப்பு சொல்றது? கட அங்கயே இருக்கட்டும். எல்லாம் வூட்டுக்குப் போங்க."

முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர்தான் சிரித்தார். அப்புறம் கொட்டகையே சிரித்தது, மச்சானைத் தவிர. அவன் என்னோடு பேச ஒரு மாதம் ஆயிற்று. அந்த அம்மா இங்கே இன்னும் ஆறு வருஷம் கடை நடத்திவிட்டு, பிள்ளைகள் படிப்புக்காகப் பாண்டிச்சேரி பக்கம் போனார். அங்கேயும் மோட்டார்தான் பார்க்கிறார் என்று கேள்வி. யாராவது எங்கள் ஊருக்கு வந்து அவரைப் பற்றிக் கேட்டால், கூட்டத்தில் அன்றைக்கு அவருக்கு எதிரில் நின்றவன் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். எதற்காக நின்றேன் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.